மாமாவின் கை நடுக்கம்

சமையலறையில் 'ணங்' என்று ஒரு சத்தம்.

மருமகள் ஓடி வந்து பார்த்தாள். மாமனாரின் காலடியில் கோப்பை சுக்குநூறாகக் கிடந்தது.

"கை நழுவிடுச்சும்மா" என்றார், திருட்டுப் பூனை மாதிரி முழித்தபடி.

போன வாரம் ஜாடி. அதற்கு முன்னால் பெரிய தட்டு. மருமகள் தன் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த பீங்கான் செட்டை மேல் அலமாரியில் வைத்துப் பூட்டியே விட்டாள்.

மாமியார் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக வந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

வீணாய்ப் போனதையெல்லாம் ஒட்டிப் படம் பண்ணுவது அவளுக்கு ஒரு கிறுக்கு. டெலிபோன் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் பழைய பலகையில் பிய்ந்த செருப்பு வாரை ஒட்டிப் பார்த்தாள். அப்புறம் பட்டன், கிழிசல் துணி, துருப்பிடித்த ஆணி, அதன் மேல் பெயின்ட். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "சுவர்ல எங்கேயாவது ஒழுகுதா?" என்று அக்கறையாக விசாரித்தார். இப்போது நூலகக் கண்காட்சிக்காக, ஆளுயரப் பலகையில் ஒரு கடல் வளர்ந்துகொண்டிருந்தது.

உபயோகத்தில் இருக்கும் பொருளை மட்டும் தொடவே மாட்டாள்.

"என்னை மாதிரி ரிடையர் ஆனதுதான் வேணும். வேலை செஞ்சிட்டிருக்கிறதைப் பிடிச்சு ஒட்டுறது அநியாயம்" என்பாள்.

மாமனார் பலகையை எட்டிப் பார்த்தார்.

"இது கடலா? சாக்கடை அடைச்சுக்கிட்ட மாதிரி இல்ல இருக்கு!"

"உடைக்கிறதையும் உடைச்சிட்டு வாய் வேறயா?"

அன்று சாயங்காலம் மகன் கறாராகச் சொல்லிவிட்டான்.

"அப்பா, கோப்பையே கையில நிக்கல. ஸ்கூட்டர் எப்படி நிக்கும்? சாவியைக் கொடுங்க."

அந்த ஸ்கூட்டரைக் குளிப்பாட்டிய பிறகுதான் மாமனார் தான் குளிக்கவே போவார். சட்டைப் பையைத் தடவினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சாவியை எடுத்து மகன் கையில் வைத்தார்.

மருமகளுக்கே மனசு கேட்கவில்லை. மறுநாள் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். மாமனார் கண்ணாடியைக்கூட மாட்டாமல் ஒரே தடவையில் கோத்துவிட்டார்.

"இந்தக் கைக்கு என்னம்மா குறை? என் கையே இவ்வளவு நிதானமா இல்லை" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மருமகள் நின்றுவிட்டாள்.

"அப்போ வேணும்னேதான் போட்டு உடைச்சீங்களா மாமா? இந்த வயசுல என்ன வீம்பு இது? தட்டு, ஜாடி, கோப்பை..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. மூன்றும் நீலம்.

"சத்தம் போடாதம்மா" என்றார் மாமனார். "அவளுக்கு நீலம் பத்தல. கடையில வாங்கிக் கொடுத்தா, 'நல்ல சாமானாச்சே'ன்னு துடைச்சு அலமாரியில வச்சிடுவா."

"அப்புறம் ஏன் அத்தையை அப்படிக் கிண்டல் பண்றீங்க?"

"திடீர்னு பாராட்டினா சந்தேகப்பட மாட்டாளா?"

மருமகள் சிரித்துவிட்டாள்.

"சரி, வாங்க. உங்க பிள்ளைகிட்ட கை நல்லா இருக்குன்னு சொல்லி, இன்னிக்கே ஸ்கூட்டர் சாவியை வாங்கித் தர்றேன்."

எதிரே ஒரு ஸ்கூட்டர் போனது. அது தெருமுனை திரும்பும்வரை மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேண்டாம்மா. நடுக்கம் இருக்குன்னே சொல்லிடு. இன்னும் பாதிக் கடல் பாக்கி இருக்கு."