ஆளுக்கு ரெண்டு பாக்கெட்

"ஆளுக்கு ரெண்டு பாக்கெட் ரவைதான். அதுக்கு மேல கேட்டா அந்த ரெண்டும் கெடையாது!"

கல்லாவில் இருந்த பிரிசில்லா போட்ட சத்தத்தில் கடலூர் செம்மண்டலமே ஒரு நிமிஷம் அடங்கியது.

கொரோனா ஊரடங்கில் நாளையிலிருந்து ஒரு வாரம் மளிகைக் கடையும் மூடல் என்று டிவியில் சொன்னாலும் சொன்னார்கள், சூப்பர் மார்க்கெட் வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் வரிசை. மத்த நாளில் உப்புமா என்றாலே "எனக்குப் பசிக்கல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆம்பளைகள் எல்லாம் இன்றைக்கு ரவைக்கு அடித்துக்கொண்டு நின்றார்கள்.

பவானியும் நின்றாள்.

அவளுக்கு வாயே கிடையாது என்று புகுந்த வீட்டில் பேர். வரிசை நகரும்போது கூட அவள் கொலுசுதான் பேசும். அவள் பேச மாட்டாள்.

ஆனால் ரவை விசயத்தை விட முடியாதே. ஒன்றரை வயசுப் பாப்பா, ரவைக் கஞ்சி தவிர எதை ஊட்டினாலும் மூஞ்சியிலேயே துப்பும். இதில் காலங்காத்தாலேயே சிதம்பரத்திலிருந்து நாத்தனார் மாலதி போனில் கொளுத்திப் போட்டுவிட்டாள்.

"அண்ணி, கீழ வீதி பூரா அலசிட்டேன். ரவை அவுட்டு! கடலூர்ல கெடைக்கிறப்பவே வாரிப் போட்டுக்குங்க. அப்பறம் பாப்பா அழுதா நான் பொறுப்பு கெடையாது."

எதிரில் புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தி, பாப்பாவை டேங்க் மேல் உட்கார வைத்திருந்த புருசன் இளவரசு, 'விடாத, போ போ' என்று ஜாடை காட்டினான்.

பவானி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, மாஸ்க்கைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டாள். கண் மட்டும் முன்னால் நின்ற ஹெல்மெட்டை விட்டு அசையவில்லை.

அந்த ஆள் முதலில் நீல மாஸ்க்கில் வந்தார். ரெண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து, கட்டம் போட்ட துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். இன்னும் ரெண்டு. இப்போது ஹெல்மெட்.

மூஞ்சி மூணு. செருப்பு ஒண்ணு. இடது காலில் நீல வார், வலது காலில் வெள்ளை வார். இப்படி ஒரு ஜோடி கடலூர் ஜில்லாவில் வேறு எந்தக் காலிலும் இருக்காது.

'எத்தன வயிறுய்யா ஒனக்கு?' என்று பவானி கேட்டாள். மாஸ்க்குக்குள்தான். அது வெளியே வரவில்லை.

பின்னால் நின்ற ஞானாம்பாள் அவள் தோளைத் தட்டினாள்.

"ஏம்மா, நமக்கு மிஞ்சுமா? மஞ்சக்குப்பத்துலேருந்து நடந்தே வரேன். எங்க வூட்டுக்காரருக்குப் பல்லு புடுங்கியிருக்கு. ரவைக் கஞ்சிதான் எறங்குது."

பவானிக்கு நெஞ்சு கொதித்தது. பாவம், இவுங்க மாதிரி ஆளுங்களுக்கு இல்லாம அடிக்கிறதே இந்த மாதிரி ஜென்மங்கதான்!

ஹெல்மெட்டின் முறை வந்தது.

"கடைசி ரெண்டு பாக்கெட்! இதோட ஸ்டாக் முடிஞ்சிச்சி!" பிரிசில்லா எடுத்து மேலே வைத்தாள்.

ஹெல்மெட் கையை நீட்டியது.

"அவருக்குக் குடுக்காதீங்க!"

யார் கத்தினது என்று பவானியே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் தெரிந்தது, அவள்தான். எதிரில் இளவரசு வாயைப் பிளந்தான்.

"ஏங்க, என்னா ஆச்சி?" என்றாள் பிரிசில்லா.

"முன்னயே வாங்கிட்டாருங்க! மூஞ்சிய மாத்தி மாத்திக்கிட்டு வராரு. வேணும்னா செருப்பப் பாருங்க!"

வரிசை மொத்தமும் குனிந்து செருப்பைப் பார்த்தது. நீல வார் போய் வெள்ளை வாருக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது.

"நடந்து வரவனுக்கு எதுக்குய்யா ஹெல்மெட்டு? ரவை வந்து மண்டையில மோதிடுமா?"

"அடுத்த ரவுண்டு பொடவயா மாமா?"

"அப்பவும் இந்தச் செருப்புதான?"

ஒரே சிரிப்பு, விசில். பவானிக்குத் தலைகால் புரியவில்லை. தான் சொன்னதற்கு இத்தனை பேர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. வந்த வாய் நிற்க மாட்டேன் என்றது.

"கேக்க ஆளில்லன்னு நெனச்சிட்டாருங்க! ஒவ்வொரு தடவையும் கரெக்டா எனக்கு முன்னாடியே வந்து நிக்கிறாரு!"

சிரிப்பு டக்கென்று நின்றது.

பிரிசில்லா தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும்னா...?"

பவானியின் கொலுசு கூட மூச்சு விடவில்லை.

எதிரில் பாப்பா, வண்டியில் மாட்டியிருந்த பைக்குள் கையை விட்டு, நாலு ரவை பாக்கெட்டில் ஒன்றை எடுத்துக் குஷியாகக் கடித்துக்கொண்டிருந்தது. இளவரசு அவசரமாக வண்டியை அந்தப் பக்கம் திருப்பினான்.

பிரிசில்லா கடைசி ரெண்டு பாக்கெட்டையும் எடுத்து, அவர்கள் ரெண்டு பேரையும் தாண்டி, ஞானாம்பாள் கையில் கொடுத்தாள்.

ஹெல்மெட்டின் கண்ணாடி மெதுவாக மேலே ஏறியது. உள்ளே சிரிக்கிற கண் ரெண்டு.

"மூணு தடவையும் ஒன் கொலுசு எம் பின்னாடியேதான் வந்துச்சு தங்கச்சி. கைப்புள்ளக்காரியாச்சேன்னு நான்தான் வாயத் தொறக்கல."