சப்பாத்து அலுமாரிக்கு மேலே

டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் பனிக்காலத்தில் மூன்றரைக்கே பொழுது கருகுகிறது. முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்த யோகமலர் கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறாள். சப்பாத்து அலுமாரியின் மேல் மூன்று முகத்தோடு ஒரு சின்ன வெள்ளைச் சிலை. அதன் முன்னால் பழைய பூட்டுத் திறப்பொன்று, முழு உள்ளிப்பூண்டொன்று, பற்றரியில் துடிக்கிற பிளாஸ்டிக் மெழுகுதிரி. கீழே, பாதி திறந்த அலுமாரிக் கதவுக்குள், புருஷன் காலிலிருந்து கழற்றி வைத்த வேலைச் சப்பாத்திலிருந்து பனிச்சேறு கரைந்து சொட்டுகிறது. ஈர நாற்றம் நேரே சிலையின் முகத்துக்கு ஏறுகிறது.

"ஆர் இது?"

"ஹெகாத்தே. கிரேக்கத் தெய்வம்," என்று சோபாவில் கிடந்தபடி மகள் மேனுஜா டேனிஷில் சொல்கிறாள். வாசலைக் காக்கிறவளாம், வாசலில்தான் வைக்கவேண்டுமாம்.

யோகமலருக்குப் பத்திக்கொண்டு வருகிறது. எந்த நாட்டுச் சாமியென்றாலும் வரட்டும், இவள் கும்பிடட்டும். அதற்காக, வரச் சொல்லிவிட்டு இப்படியா இருத்துவது?

"கொப்பற்ர சப்பாத்துக்கு மேலயோடி சாமியை வைக்கிறது?"

மேனுஜா முணுமுணுத்துக்கொண்டு எழும்பி வந்து சிலையைத் தூக்கப் போகிறாள்.

"தொடாதை. வைச்ச சாமியை எழுப்பக் கூடாது."

யோகமலர் குந்தியிருந்து சப்பாத்துகளை அள்ளுகிறாள். சேறு கோட்டின் கையில் வழிகிறது. மகளின் அறைக்குள் போய், வெள்ளை விரிப்பின் மேல், தலையணையோடு ஒட்டி ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். கறுப்புத் தண்ணீர் மெல்லப் பரவுகிறது.

"அம்மா, என்ர கட்டில்," மேனுஜாவுக்குத் தமிழே வந்துவிடுகிறது.

"அரியண்டமாக் கிடக்கோ, அருவருக்குதோ?" யோகமலர் நிமிராமலே கேட்கிறாள். "வாசல்ல இருக்கிற அவவுக்கும் இவ்வளவு நேரமும் அப்பிடித்தான் இருந்தது."