சொந்த லாரி

"பாம்... பாம்..."

"ஏளா கிளாடிஸ், ஜீப்பு வந்துட்டு! அந்த ஓலைப்பெட்டியத் தூக்கி உள்ள எறி. சாம்பிராணியப் போடு!" என்று வளன் பதறினான்.

"மீன்காரன் வீட்டுல மீன் வாசம் அடிக்காம மல்லியப்பூவாப்பா மணக்கும்?" என்றாள் மகள்.

"வாய மூடு. மாப்பிள்ளையோட தாய்மாமன் சொல்லாமக் கொள்ளாம வருவாருன்னு தரகர் நேத்தே சொல்லிட்டாரு. ஒங்கம்மா வேற பெட்டியோட போயிருக்கா. அவரு போற வரைக்கும் அவ வராம இருக்கணும், மாதாவே!"

மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் உத்தியோகம். பெரியதாழையில் யாருக்கும் வாய்க்காத சம்பந்தம். தரகர் போனதிலிருந்து வளனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்டாட்டி ரோஸ் ஏதோ பஸ் நிறுத்தத்துச் சேதி சொல்ல வந்தபோதும், "மீன் பேச்சை இன்னைக்காவது விடுதியா?" என்று வாயை அடைத்திருந்தான்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"மீன் வியாபாரம் பண்ற வளன் வீடு இதுதானே? நான் எதுக்கு வந்தேன்னா..."

"தெரியும் சார், தெரியும். வீட்டுல எல்லாம் பேசிட்டோம். உக்காருங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று அவர் உட்கார்ந்தார். "இங்கேருந்து மீனை எப்படிக் கொண்டு போறீங்க?"

வளனுக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டி மணலில் நடந்து, தலைச்சுமையாகப் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோகிறாள் என்று சொல்லவா? நாற்றம் என்று கண்டக்டர் பாதி நாள் ஏற்றமாட்டான் என்று சொல்லவா? இரண்டு பெட்டி மீனுக்கு எந்த லாரிக்காரன் வருவான்?

"லாரிதான் சார். சொந்த லாரி" என்றான், சுவரிலிருந்த மாதா படத்தின் பக்கம் திரும்பாமல்.

காபி கொண்டு வந்த கிளாடிஸ் தம்ளரை வந்தவர் முன்னால் வைத்தாள். "நமக்கு எங்கப்பா லாரி?" என்று அவன் காதோரம் கிசுகிசுத்தாள்.

"ஒங் கல்யாணம் முடியிற வரைக்கும் இருக்கும். உள்ள போ."

வந்தவர் புருவத்தைச் சுருக்கினார். "லாரியா? சின்னதா ஒரு டீசல் வண்டி இருந்தா வசதியா இருக்காதா? முன்னால ரெண்டு பேர் உட்காரலாம். பின்னால பெட்டியும் ஐஸும் ஏத்தலாம். எண்ணெய்ச் செலவும் கம்மி."

ஆழம் பார்க்கிறார் மனுஷன் என்று வளன் நினைத்துக்கொண்டான்.

"சின்ன வண்டியா? அது சில்லறை யாவாரிக்கு சார். எங்க அந்தஸ்துக்கு அதுல ஏறினா ஊரு சிரிக்கும்."

அந்த நேரம் பார்த்து ரோஸ் வாசலில் வந்து நின்றாள். தலையில் பெட்டி. சும்மாட்டிலிருந்து வழிந்த மீன் தண்ணீர் கன்னத்தில் கோடு போட்டிருந்தது.

"இன்னைக்கும் பஸ்ஸுல ஏத்தமாட்டேன்னுட்டான். பாதி மீனு கெட்டுப்..." என்றவள், வந்தவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

வளன் முந்திக்கொண்டான். "வேலைக்காரிக்கு முன்வாசல்ல என்ன சோலி? பின்வாசல் வழியாப் போளா!"

வந்தவர் சட்டென்று எழுந்து நின்றார். வேலைக்காரிக்கு எதற்கு இந்த மரியாதை என்று வளனுக்குப் புரியவில்லை. ரோஸின் சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. புருஷனை ஒரு தரம் பார்த்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவள் நின்ற இடத்தில் மண் மட்டும் நனைந்திருந்தது. வளன் அதைப் பார்க்காமலிருக்க முற்றத்து வேம்பைப் பார்த்தான்.

வந்தவர் காபியை முடிக்காமலே ஜீப்பை நோக்கி நடந்தார்.

வளன் பின்னாலேயே ஓடினான். "சார், மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லப் போறிய?"

"எந்த மாப்பிள்ளை? நான் வண்டிக் கம்பெனி ஆளு. இந்தக் கடற்கரையில சின்ன டீசல் வண்டி விக்கலாமான்னு விசாரிக்க வந்தேன். ஆறு மாசம் சும்மா ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி கொடுக்கிறதாவும் இருந்தோம். வேம்பார்லேருந்து இங்க வரைக்கும் யாரைக் கேட்டாலும் கௌரவமா லாரி இருக்குன்னுதான் சொல்றாங்க. பின்னே வண்டி எப்படி இந்தப் பக்கம் வரும்? தேவையில்லைன்னு எழுதிட வேண்டியதுதான்."

வளன் அவர் முன்னால் போய் நின்றான். "சார்... தெரியாமச் சொல்லிட்டேன். அந்த வண்டி..."

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர், பின்வாசல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நேத்து பஸ் நிறுத்தத்துல ஒரு அம்மாதான், 'அந்த வண்டி எங்களுக்கு வேணும், வீட்டுக்கு வந்து எம் புருசன்கிட்ட கேளுங்க'ன்னு இந்த வீட்டுக்கு வழி சொன்னாங்க, இப்போ பின்வாசல் வழியா அனுப்பினீங்களே, அவங்கதான்."