முதலில் சொன்னவர் வீட்டில்

டீக்கடையில் கணவர் மறுபடி வாயைத் திறந்துவிட்டார் என்பது, கத்திரி வெயிலில் ஏசி பொசுக்கென்று நின்றதுமே திலகவதிக்குத் தெரிந்துவிட்டது. நாட்டுக்கு யார் யோசனை சொன்னாலும், அது முதலில் ஒரு மாதம் சொன்னவர் வீட்டில் அமலாகும் என்பது சட்டம்; வீட்டுச் சாதனங்களே அதை உடனுக்குடன் நிறைவேற்றிவிடும். முந்தாநாள் அவர், "ஓட்டல்ல வாங்கித் தின்னே காசு கரையுது, தடை பண்ணணும்" என்று முழங்கியதிலிருந்து வீட்டுக்குப் பார்சலும் வருவதில்லை.

நமச்சிவாயம் அசடு வழிய உள்ளே வந்தார். "ஏசியை ஒழிக்கணும்னு பொதுவாத்தான்மா சொன்னேன்..."

திலகவதி முந்தானையால் விசிறிக்கொண்டே வாசலுக்குப் போய், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "இனிமே எல்லா வீட்டுலயும் ஆம்பளைங்கதான் சமைக்கணும்!"

உள்ளேயிருந்து அடுப்பு பணிவாகக் கூப்பிட்டது: "நமச்சிவாயம் சார், பருப்பு டப்பா எதுன்னு தெரியுமா?"