கன்னியம்மாள் வைத்த கல்

ஆம்பூர் மண்டிக்காரர் தேவராஜுலுவின் தொப்பை டாக்டர் வீட்டுக்குள் நுழைந்து, கால் நாழிகை கழித்துத்தான் அவர் நுழைவார். சர்க்கரை வியாதி முற்றினால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று பயமுறுத்தி, நாள் பூராவுக்கும் அரை வீசைச் சோறுதான், அதையும் நிறுத்தே போட வேண்டும் என்று சொல்லியிருந்தார் டாக்டர் ரஷீத் அஹமது. மாதம் ஒன்று போயிற்று. சர்க்கரையும் ஜாஸ்தி, தொப்பையும் ஜாஸ்தி!

"இன்னாம்மா, பாசத்துல அள்ளிப் போட்டுட்டியா?" என்று மனைவியைப் பிடித்துக்கொண்டார் டாக்டர்.

கன்னியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. "சத்தியமா இல்லீங்க. ஒரு பருக்கை கூடினாலும் எடுத்துடுவேன். இவரு கெஞ்சுவாரு, நான் மசிய மாட்டேன்." பையிலிருந்து இரும்பு எடைக்கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "மண்டிக் கல்லுங்க. இதை வெச்சுத்தான் நிறுத்தேன்."

"அப்ப கல்லையே நிறுத்துப் பாத்துடலாம்." டாக்டர் குழந்தைகளை நிறுக்கும் தராசை இழுத்தார்.

தேவராஜுலு பாய்ந்து கல்லைப் பிடுங்கிக்கொண்டார். "வேணாம் டாக்டர்! அவமேல தப்பில்ல. நான்தான் தெனமும் திருட்டுத்தனமா பிரியாணி தின்னேன்!"

"அப்படியா? இனிமே சோறே கிடையாது. கேழ்வரகுக் கஞ்சிதான்."

"கஞ்சியே குடிக்கிறேன் டாக்டர்!"

பாவம், அவர் பிரியாணியை மோந்துகூடப் பார்க்கவில்லை. பேருக்குத்தான் அது அரை வீசைக் கல். அசலில் முக்கால் வீசைக்கும் மேலே. தோல் பதனிட ஆவாரம்பட்டை கொண்டுவருகிறவர்களிடம் வாங்கும்போது மட்டும் தட்டில் ஏறும் கல் அது.

பின்னால் மருந்துக்குக் காத்திருந்தான், வருஷக்கணக்காக அவருக்கே பட்டை போடும் அணைக்கட்டு பெருமாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"மொதலாளி உடம்புக்கு அரை வீசை எந்த மூலைக்குங்க?"