ஆதிமனிதன் தின்னாதது

சர்க்கரை பார்க்கும் மெஷினில் நாற்பத்தொன்று என்று வந்தது.

அவன் விரலில் மறுபடி குத்திப் பார்த்தாள்.

முப்பத்தொன்பது.

சோபாவில் கிடந்த கணவனின் பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. பார்வைதான் அவள்மேல் இல்லை.

ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை நெரிசல். இருபது நிமிஷம் ஆகுமாம்.

"அதுவரைக்கும் சீனியைக் கொஞ்சங்கொஞ்சமா ஈறுல தடவிக்கிட்டே இருங்கம்மா," என்றது போன் குரல்.

சீனி.

சமையலறைப் பக்கம் அவள் திரும்பவேயில்லை. அங்கே என்ன இருக்கும் என்று தெரியும். பாதாம் இருக்கும். இரண்டு அட்டை முட்டை, வெண்ணெய், பன்னீர், மஞ்சள் தடவி வைத்த கோழி.

நாலு மாதமாக இந்த வீட்டில் அவனுக்கு ஒரே கேள்விதான்.

"ஆதிமனுசன் இதத் தின்னானா?"

தின்னவில்லை என்றால் குப்பைக்கூடை. அரிசி போனது. வெல்லம் போனது. அம்மா வீட்டிலிருந்து வந்த அதிரசம் பாத்திரத்தோடு போனது. வாழைப்பழத்துக்கு மட்டும் ஒருநாள் வாதாடிப் பார்த்தாள்.

"அது குரங்கு தின்னது," என்றான்.

பதினோரு கிலோ இறங்கினான். சோற்றை விட்டவன் சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்க என்று தினமும் நச்சரித்தாள். போலாம், போலாம் என்றான்.

அவள் படுக்கையறைக்கு ஓடினாள்.

பீரோவின் கீழ்த்தட்டு. அவன் கை ஒருநாளும் தொடாத இடம். நாப்கின் பாக்கெட்டை உருவினாள். உள்ளே, முடிச்சுப் போட்ட பாலிதீன் பை.

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள். பாதி தரையில் கொட்டியது.

மீதியோடு ஓடிவந்து அவனைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். விரலை நனைத்து, சீனியில் தொட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தேய்த்தாள்.

"ஏங்க..."

அசைவில்லை.

மறுபடி தேய்த்தாள். மறுபடி. கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க. என்னைப் பாருங்க."

நாக்கு மெல்லப் புரண்டது.

தொண்டை ஏறி இறங்கியது.

வெகுநேரம் கழித்துக் கண் அவள்மேல் வந்து நின்றது. அங்கிருந்து அவள் விரலுக்கு. விரலிலிருந்து கிழிந்த பைக்கு. அவள் தோளைத் தாண்டி, படுக்கையறை வரை சிந்திக் கிடந்த வெள்ளைக் கோட்டுக்கு.

உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

"எத்தனை நாளா?"

அவள் இன்னொரு சிட்டிகை எடுத்தாள்.

அவன் வாயைத் திறந்தான்.