கண்கட்டு விருந்து

“இருட்டுல சாப்பிட்டா மீன் முள்ளு எப்பிடிம்மா தெரியும்?”

ஐந்து வயதில், கரண்ட் போன ஒரு நாள், நடாலி கேட்ட கேள்வி அது. இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. கேட்டதையே மறந்துவிட்டாள். அம்மா பெர்னிஸ் மறக்கவில்லை.

“அதுதான் இந்த மாசத்துத் தீம். எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டுச் சாப்பிடப் போறோம்,” என்றாள்.

பிரிக்பீல்ட்ஸில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டில் மாதக் கடைசி ஞாயிறன்று, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஒரு வேடிக்கை விருந்து நடக்கும். ஒரு மாதம் ஆளுக்கொரு தொப்பி. ஒரு மாதம் வீடே பாசார் மாலாம், இரவுச் சந்தை. அன்று நடாலியின் அப்பா லியனார்ட் சாரோங் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தி அப்பளம் விற்றான். என்ன விருந்து என்பதை நடாலிதான் முடிவு செய்வாள். அது அந்த வீட்டுச் சட்டம்.

“இது சீட்டிங் லா! நான் ஹவாய் பார்ட்டின்னு எப்பவோ சொல்லிட்டேன். பூமாலைகூட வாங்கியாச்சு.”

“ஃபிரிட்ஜ்ல வை. அடுத்த மாசம் போட்டுக்கலாம்.”

லியனார்ட் கார்ச் சாவியை எடுத்தபடியே சொன்னான். “கிள்ளானுக்குப் போய் அக்காவைக் கூட்டிட்டு வரேன். ஆனா ஒண்ணு, நாலு மாசமா அவ நம்ம வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கல. வந்தாலும் பசியில்லம்பா. கண்ணைக் கட்டிச் சாப்பிடுன்னா கேப்பாளா? அவளுக்கு மட்டும் காப்பி குடுத்து விட்டுடு.”

“விடமாட்டேன். இன்னிக்கும் சாப்பிடாமப் போனாங்கன்னா, அண்ணி இனிமே இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டாங்க. எனக்குத் தெரியும். அவங்க உக்காராத மேசை எனக்கு வேணாம்.”

லியனார்டின் அக்கா சாந்தமேரி வந்தாள். மேசையில் மடித்து வைத்திருந்த துணிகள் எதற்கு என்று நடாலி சொன்னதும், உட்காரப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“பூசை பாத்துட்டு வந்து செய்யற வேலையா இது? என்னைக் கோமாளியாக்கவா கூப்பிட்ட?”

“நம்ம எல்லாருமே கோமாளிதான் அண்ணி இன்னிக்கு.”

“எனக்குப் பசியில்ல. லியனார்ட், காரை எடு.”

பெர்னிஸ் போய் வாசல் கிரில் கதவை இழுத்துப் பூட்டினாள். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

“சாப்பிட்டாத்தான் சாவி.”

நடாலி வாயைப் பொத்திக்கொண்டாள். லியனார்டுக்கு முகம் சிவந்துவிட்டது. “பெர்னிஸ்! அக்கா மூத்தவங்க. மரியாதையாப் பேசு.”

“மரியாதையாத்தாங்க பேசறேன். உக்காருங்க அண்ணி.”

“இத்தனை வருஷத்துல என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல நீ.”

“இன்னிக்குப் பேசறேன். என்னைத் திட்டுங்க, சபிங்க, அடுத்த வாரம் ஃபாதர்கிட்டச் சொல்லிக் குடுங்க. ஆனா சாப்பிடாம இந்தக் கதவு தெறக்காது.”

பெர்னிஸ் தட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினாள்.

சாந்தமேரி நாற்காலியைத் தேடி இழுத்து உட்கார்ந்தாள். முணுமுணுத்துக்கொண்டே ஜெபம் சொன்னாள். பெர்னிஸ் ஒவ்வொருவர் கண்ணையும் கட்டினாள். கடைசியாகத் தன்னுடையதையும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

முதலில் கொஞ்ச நேரம் தட்டில் விரல் உரசும் சத்தம் மட்டும்தான். பிறகு ஆரம்பித்தது.

“ஐயோ, என் தட்டுல யாரு கைய வச்சது?”

“அது என் தட்டு லா!”

“டாடி, அது அப்பளம் இல்ல, என் கை!”

ஏதோ கவிழ்ந்தது. லியனார்ட் துள்ளினான். “ரசம்! என் மடியில ரசம்! யாரு வேலை இது?”

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பெர்னிஸ் அவசரமாக, “நான்தாங்க,” என்றாள். அவள் கை ரசக் கிண்ணத்தின் பக்கமே போகவில்லை.

“அத்தை, உங்க மேல ஏதாச்சும் கொட்டிச்சா?”

“யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியுதா என்ன?” என்றாள் சாந்தமேரி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. “அடியே பெர்னிஸ், இன்னும் கொஞ்சம் சோறு போடு. தட்டுல போடு, தலையில போட்டுறாத!”

கண்கட்டை அவிழ்த்தபோது மேசை போர்க்களமாகக் கிடந்தது. நான்கு பேர் உடையிலும் குழம்பு. எந்தக் கறை யாரால் வந்தது என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

அப்பாவும் மகளும் ஹாலில் தரையைத் துடைத்துக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாந்தமேரி சுவரைத் தடவியபடி அடுப்படிக்கு வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

“எப்பத் தெரிஞ்சிச்சு உனக்கு?”

பெர்னிஸ் குழாயை மூடினாள். “ஈஸ்டர் அன்னிக்கு, அண்ணி. குழம்பைத் தட்டுக்கு வெளிய ஊத்திட்டுப் பசியில்லன்னு எழுந்து போனீங்களே, அப்ப.”

“இனிமே பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தம்பிக்குக்கூட நான் சொல்லல.”

“நானும் சொல்லல. நீங்களா சொல்ற வரைக்கும் சொல்லவும் மாட்டேன். ஆனா சாப்பிட வரணும்.”

சாந்தமேரி பெர்னிஸின் ஈரக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

டெங்கில் ரப்பர்த் தோட்டத்திலிருந்து புது மருமகளாக வந்த முதல் ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் பெர்னிஸ் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தபோது, “இன்னிக்கு எல்லாரும் கையாலதான் சாப்பிடணும், இது ஒரு விளையாட்டு!” என்று அத்தனை கரண்டிகளையும் அள்ளிக்கொண்டு போய் ஒளித்துவைத்து, இந்த வேடிக்கை விருந்துகளையே ஆரம்பித்து வைத்தவள் சாந்தமேரிதான்.